சாக்லேட் வகுப்பும் வெறும் கிண்ணமும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கம்பெனியின் சமையல் வீடியோக்களை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். ஓவன் இல்லாமல், கடையில் கிடைக்கிற பொருளை வைத்து வீட்டில் சாக்லேட் செய்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு டிப்ஸ் வேண்டும், முப்பது வினாடிக்குள் இருக்க வேண்டும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தும் பார்த்தேன். முப்பது வினாடியில் சொல்லக்கூடியது எல்லாமே அட்டைப்பெட்டியின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கிறது. அச்சடிக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல நேரம் பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்.

சமையல் சாக்லேட்டும் கோகோ பவுடரும் விற்கிற ஒரு கம்பெனியின் மதுரைக் கிளையில் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். சம்பளச் சீட்டில் என் பதவி 'செய்முறை விளக்குநர்'. ஊருக்குள் என் பெயர் சாக்லேட் டீச்சர். மகளிர் குழு, கல்யாண மண்டபத்து மாடி, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், நாற்பது ஐம்பது பெண்கள் முன்னால் அடுப்பு வைத்துச் செய்து காட்டுவேன். பிஸ்கட்டை நொறுக்கி உருண்டை பிடிப்பது, பொரியைச் சாக்லேட்டில் பிரட்டித் தட்டில் பரப்புவது, பேரீச்சம்பழத்துக்குள் கடலை வைத்து முக்கி எடுப்பது. பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்ததும் சென்னையில் ஐந்து நாள் பயிற்சி. ஏசி அறை. அங்கே ஊற்றிய சாக்லேட் பத்து நிமிஷத்தில் சமர்த்தாக உறைந்தது. மதுரைக்கு வந்து சித்திரை வெயிலில் முதல் வகுப்பு எடுத்தபோது ஒரு மணி நேரமாகியும் அது குழம்பாகவே கிடந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட இட்லி வருமா என்று கேட்டார். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

கிளை மேலாளர் காதர் சார். பழைய ஊருக்குள் முந்திரி, திராட்சை வியாபாரம் செய்த குடும்பத்து மனிதர். ஒல்லியாக, எப்போதும் வெள்ளைச் சட்டையில் இருப்பார். என்னை ஒரு நாள்கூடத் திட்டியதில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

வகுப்புக்கு வந்தால் கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். நான் செய்ததை வாயில் வைக்க மாட்டார். சர்க்கரை வியாதி என்பது ஒரு காரணம். தின்கிற முகங்களைப் பார்ப்பதுதான் தன் வேலை என்பது இன்னொரு காரணம். முதல் துண்டை எல்லாரும் மரியாதைக்குத் தின்பார்கள், இரண்டாவது துண்டுக்குக் கை போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பார். கை போகாவிட்டால், எத்தனை பேர் ஆகா ஓகோ என்றாலும் அந்தப் பலகாரம் தேறாது.

அவர் வைத்த விதிகளில் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலூட்டியது ஒன்று உண்டு. வகுப்பு நடக்கிற தெருவில் எந்தக் கடை பக்கமோ, அந்தக் கடையில் வாங்கிய பொருளில்தான் செய்து காட்ட வேண்டும். எங்கள் கம்பெனிச் சாக்லேட் அங்கே இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. கம்பெனிச் சரக்கைப் பரப்ப வந்தவளிடம் இது என்ன கூத்து என்று கேட்டேன். நீங்கள் பையிலிருந்து எடுத்தால் அது வித்தை, அவர்கள் கடையிலிருந்து எடுத்தால்தான் சமையல் என்றார்.

அந்த விதியால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். கடையில் சமையல் சாக்லேட் இல்லை, கோகோவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிற சத்துமாவுப் பொட்டலம் இருந்தது, அதில் கொஞ்சம் கோகோ வாசனை. அதையும், பொட்டுக்கடலையைப் பொடித்து அதையும், மாரி பிஸ்கட் தூளையும், உருக்கிய வெண்ணெயையும் சேர்த்து உருட்டினேன். முதல் துண்டு போனது. இரண்டாவது துண்டுக்கும் கைகள் வந்தன. நிமிர்ந்து காதர் சாரைப் பெருமையாகப் பார்த்தேன். அந்த நேரம் ஒரு பெண் மூன்றாவதை மென்றுகொண்டே, "டீச்சர், இது நம்ம மாவுருண்டதான?" என்றாள். யோசித்தால் அதுதான். பொடி, கொழுப்பு, இனிப்பு, கைச்சூடு. அப்படியென்றால் சாக்லேட் என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று திரும்பி வருகிற பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். இப்படி ஒரு கேள்வியைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வேலை எல்லாருக்கும் வாய்க்காது.

இன்னொரு விதி ஒரு தாள். வகுப்பு முடிந்ததும் நான் நிரப்பிக் கொடுக்க வேண்டியது. அதில் இரண்டே கட்டங்கள். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. கம்பெனி கொடுத்தது அல்ல, சாரே தயாரித்தது. எழுதியதை அடிக்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தால் அதற்குக் கீழே சரியானதை எழுதலாம், தப்பும் தாளில் அப்படியே இருக்கும். எனக்கு இடது பக்கம் எப்போதும் நிரம்பி வழியும். நான் அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சாக்லேட் உருக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்தது புரிய அது அவசியம்.

சாக்லேட் கட்டியை நேராகத் தீயில் வைத்தால் கருகிவிடும். அதனால் இட்லிச் சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அதன் வாயில் ஒரு கிண்ணத்தை உட்கார வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கிண்ணத்தின் விளிம்பு சட்டியைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி சுற்றி வந்து உள்ளே இறங்கும். கட்டியைப் பாக்குச் சீவலைப்போல் சீவிப் போட வேண்டும். முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிட வேண்டும், மீதியைக் கிண்ணத்தின் சூடே உருக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் படக் கூடாது. பாத்திரத்தில், கரண்டியில், கையில், எதிலும்.

இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் போதும். பளபளவென்று உருகிக்கொண்டிருந்தது திடீரென்று மங்கி, ஈர மணலைப்போல் கட்டிக்கொள்ளும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அப்படி இறுகிப்போனதில் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறினால் மறுபடியும் இளகிவிடும். உருண்டைக்கு ஆகாது, ஆனால் பிஸ்கட்டில் தடவலாம். கொஞ்சம் தண்ணீர் கெடுக்கிறது, நிறைய ஊற்றினால் பிழைத்துக்கொள்கிறது. ஏன் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டேன். சர்க்கரைத் துகளெல்லாம் ஈரத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, நிறையத் தண்ணீர் வந்தால் கரைந்து விலகிவிடுகிறது என்றார். புரிந்தது என்று தலையாட்டினேன். பாதி புரிந்தது.

ஈரம் கூடாது என்பதற்காகவே எங்கள் பாடப் புத்தகத்தில் முதல் படி இப்படி இருக்கும்: கிண்ணத்தை நன்றாகத் துடைத்து, வெறும் கிண்ணமாகச் சட்டியின் மேல் ஒரு நிமிஷம் வைத்துச் சூடாக்கவும். துடைத்தும் ஒட்டியிருக்கிற ஈரம் காய்ந்துவிடும். பிறகு சாக்லேட்டைப் போடவும். இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல படிதான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

நான் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு வகுப்புகள் கூடியபோது இன்னொரு விளக்குநரை எடுக்கலாம் என்று தீர்மானமானது. ஆறு வாரப் பயிற்சி, ஐந்து பெண்கள், ஒரே ஒரு இடம். கடைசிப் பரீட்சைக்கு 'வீட்டுத் தட்டு' என்று பெயர். தங்கள் வீட்டு அடுப்பில், தங்கள் பாத்திரத்தில் மூன்று தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு துண்டு கொண்டுவந்து வைக்க வேண்டும். வீட்டில் வராதவர் வீட்டுக்காரிகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பார் என்பது சாரின் வாதம். வீட்டில் சாக்லேட் செய்து விற்க விரும்பும் பெண்களுக்கு நான் வருஷக்கணக்காக நடத்திவந்த பயிற்சிகளிலும் இந்தத் தட்டு உண்டு.

அந்த ஐந்து பேரில் ஒருவர் சமயநல்லூரிலிருந்து வந்த பேச்சியம்மாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நூற்பாலையில் இருபது வருஷம் நின்றவர். ஆலை மூடிவிட்டது. கணவர் முருகேசன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருந்தார். காலையும் மாலையும் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நடுவில் மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்குகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான் இருந்தது. போதாக்குறைக்கு, ஐம்பது வயது தாண்டினால் எடுப்பதில்லை என்று கம்பெனியில் ஒரு சட்டம். அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் இல்லை.

அவருடைய வகுப்புத் தட்டுகளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். நூல் அறுந்த இடத்தைத் தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. உருண்டைகள் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் இருக்கும். பேச்சுதான் குறைவு. பாராட்டினால்கூட ஒரு "ம்" வரும், அவ்வளவுதான்.

முதல் வீட்டுத் தட்டு வந்தது. மங்கலாய், சொரசொரவென்று, தொட்டால் உதிர்ந்தது. தண்ணீர் பட்டிருக்கிறது என்றேன். இல்லை என்றார். சட்டி, கிண்ணம், கரண்டி, துணி, கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கடைச் சரக்கில் கோளாறோ என்று என் கையால் புதுக்கட்டி கொடுத்தனுப்பினேன். இரண்டாவது தட்டும் அதே மாதிரி வந்தது. கிண்ணத்தை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவதும் அப்படியே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நான்கு பேர் முன்னாலேயே சொல்லியும்விட்டேன்: தண்ணீரை ஊற்றிவிட்டு ஊற்றவில்லை என்று சொன்னால் சாக்லேட் கேட்டுக்கொள்ளாது. பேச்சியம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நா ஊத்தல டீச்சர்," என்றார். "ஊத்தியிருந்தா ஊத்துனேன்னு சொல்லிட்டுப் போறேன். அதுல எனக்கு என்ன?"

அன்று சாயங்காலம் தாளை எடுத்து எழுதினேன்: 'தண்ணீர் சேர்க்கிறார். கேட்டால் உண்மையை மறைக்கிறார்.' எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை.

மறுநாள் காதர் சார் கூப்பிட்டார். தாள் மேசையில் இருந்தது. வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டார்.

"இத எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்கம்மா?"

குனிந்து பார்த்தேன். இடது பக்கம். பார்த்தது.

நான் அங்கே இல்லை, தட்டைத்தான் பார்த்தேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும், இன்றைக்குச் செவ்வாய்தான் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தவள்தான் நானும். நான் காணவும் இல்லை, கேட்டதை நம்பவும் இல்லை.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சமயநல்லூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினேன். உண்மையைச் சொன்னால் மனம் மாறிப் போகவில்லை. எப்படித்தான் ஊற்றுகிறாள், எங்கே ஊற்றுகிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆர்வம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. பையில் இரண்டு சாக்லேட் கட்டிகள் இருந்தன.

இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டிலில் முருகேசன் படுத்திருந்தார். அங்கிருந்து அடுப்படி நேராகத் தெரியும். படுத்தபடியே கும்பிட்டார். அவர் மனைவி பேசாததையெல்லாம் சேர்த்து அவர்தான் பேசினார். கெட்டுப்போன மூன்று தட்டு சாக்லேட்டில் மிச்சமெல்லாம் தன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது, பல்லுக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி என்றார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"இங்கனயே ஒக்காருங்க," என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அடுப்புக்கு அருகில் போட்டார். "கண்ண எடுக்காம பாருங்க."

இட்லிச் சட்டி ஏறியது. இரண்டு விரல் தண்ணீர். கிண்ணத்தை ஒரு துணியால் துடைத்தார், இன்னொரு துணியால் மறுபடியும் துடைத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான்கூட அவ்வளவு செய்ய மாட்டேன். சீவிய சாக்லேட் ஒரு எவர்சில்வர் தட்டில் காத்திருந்தது. கிண்ணம் வெறுமனே ஒரு நிமிஷம், பிறகு சாக்லேட். என் கண் சாக்லேட்டை விட்டு நகரவில்லை. உருகத் தொடங்கியது, பளபளத்தது, பாதியில் மங்கியது, மணலாகக் கட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பார்த்தவரையில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. என் கண் முன்னால்தான் கெட்டது. பத்து வருஷத்துக்கு மேல் சாக்லேட்டோடு கிடந்தவளுக்கு, அது என்னைக் கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. அதோடு முதல் தடவையாக ஒரு பயமும் வந்தது. இந்த அம்மாள் பொய் சொல்லவில்லை என்றால், நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன்?

இன்னும் ஒரு கட்டி இருந்தது. மறுபடியும் செய்யச் சொன்னேன். இந்தத் தடவை சாக்லேட்டைப் பார்ப்பதில்லை, கையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். துடைத்த கை, சீவிய கை, துணியை மடித்து வைத்த கை. இடது கை கிண்ணத்தைத் தூக்கிச் சட்டியின் மேல் வைத்தது. அதே நேரம் வலது கை, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்புக்குள் விரல் நுனிகளை முக்கி, கிண்ணத்துக்குள் ஒரு உதறு உதறிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோலச் சாக்லேட் தட்டை எடுக்கப் போனது. கண் இமைத்திருந்தால் தவறியிருக்கும்.

நிறுத்தச் சொன்னேன். இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கிண்ணத்தை வைத்தேன் என்றார். வேறு என்ன என்றேன். வேறு ஒன்றும் செய்யவில்லையே என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, மனதறிய அவர் ஒன்றும் செய்யவில்லை.

கட்டிலிலிருந்து முருகேசன் மெதுவாகச் சிரித்தார்.

"வெறும் பாத்திரம் அடுப்புல ஏறுனா வீட்டுக்கு ஆகாதும்பா இவ ஆத்தா. ரெண்டு சொட்டு தெளிக்காம எந்தப் பாத்திரமும் இந்த வீட்டுல ஏறாது. தொட்டில் பழக்கம், டீச்சர். அவளுக்கே தெரியாது."

பேச்சியம்மாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் ஈரமாக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியல டீச்சர்," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் சொம்பு கிடையாது, தண்ணீரையே பக்கத்தில் வைக்க விடமாட்டேன். அதனால் அங்கே அந்தக் கைக்கு வேலை இல்லை. வீட்டில் சொம்பு அதன் இடத்தில் இருக்கிறது, கையும் தன் வேலையைச் செய்கிறது. துடைத்த ஈரத்தைக் காயவைக்கிற அந்த ஒரு நிமிஷம், தெளித்த சொட்டுகளுக்குப் போதவில்லை. அவ்வளவு எளிய விஷயத்தை நான் பொய் என்று எழுதி வைத்திருந்தேன்.

சொம்பை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள் என்றேன். அவர் யோசித்தார். வகுப்புக்கு வருகிறவர்களின் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொம்பைத் தேடித் தேடி ஒளித்து வைப்பீர்களா என்று கேட்டார். பிறகு எழுந்து, ஈரக் கையைத் துடைத்து, வேறு கிண்ணம் எடுத்தார். மீதியிருந்த சாக்லேட்டை முதலில் கிண்ணத்தில் போட்டார். அதற்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கிச் சட்டியின் மேல் வைத்தார். வலது கை இடுப்பிலேயே இருந்தது. பாத்திரம் வெறுமையாக இல்லை, அதனால் கைக்கு ஞாபகம் வரவில்லை.

சாக்லேட் உருகியது. முழுக்க உருகியது. கரண்டியைத் தூக்கினால் நாடாவாக இறங்கியது.

"வெறும் பாத்திரம் ஒங்க பாடத்துலதான் இருந்துச்சு," என்றார், கிளறிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரி சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. ஈரத்தை விரட்டுவதற்காக வைத்த படி. அந்தப் படியே வீட்டுக்குள் போய் ஈரத்தைக் கூப்பிட்டுக் கொண்டுவந்திருக்கிறது. பன்னிரண்டு துண்டையும் அவர் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை தாளில், நான் எழுதியதற்குக் கீழே, இடது கட்டத்திலேயே எழுதினேன்: 'மேலே உள்ளது நான் பார்த்தது அல்ல. பேச்சியம்மாள் உண்மையைத்தான் சொன்னார்.' அவருக்கு வேலை கிடைத்தது. சாக்லேட்டைப் போட்ட பிறகே கிண்ணத்தை ஏற்றவும் என்று புத்தகத்தின் முதல் படியும் மாறியது. பேச்சியம்மாள் பத்து வருஷம் என்னோடு வேலை பார்த்தார். எந்த வகுப்பில் யாருக்குக் கெட்டாலும், ஊற்றினீர்களா என்று கேட்க மாட்டார். இன்னொரு தடவை செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்பார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அத்தோடு முடியவில்லை. காதர் சார் அலமாரியிலிருந்து பழைய தாள்களை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. புரட்டினேன். முந்தைய பயிற்சிகளில், வீட்டுத் தட்டு மூன்றும் கெட்டு, வகுப்பில் நன்றாகச் செய்த பெண்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு தாளிலும் என் கையெழுத்து. நான்கிலும் இடது கட்டத்தில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்.

அவர்களைத் தேடினேன். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவருக்கு என்னையும் நினைவில்லை, சாக்லேட்டையும் நினைவில்லை. நன்றாக இருங்கள் என்று அனுப்பி வைத்தார். நாலாவது, திருப்பரங்குன்றத்தில் ரயில்வே கேட் பக்கம் இருந்த வள்ளிமயில்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். வீட்டில் ஆட்கள் நிறைய. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். அதெப்படி ஏற்றுவது, தண்ணீர் தெளித்துத்தான் என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல. நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் பொய் சொல்லவில்லை, தப்பு எங்கள் பாடத்தில் இருந்தது, அது தெரியாமல் உங்களைப் பொய்க்காரி என்று சொன்னவள் நான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அன்று அதே வகுப்பில் அவருடைய நாத்தனாரும் இருந்தாராம். நான் எல்லார் முன்னாலும் சொன்னதை அவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பால் பொங்கினாலும், சாவி காணாமல் போனாலும், இவர் 'நான் இல்லை' என்று சொன்னால், சாக்லேட் கிளாஸிலேயே பொய் சொன்னவள்தானே என்று யாராவது ஒருவர் சொல்வார்கள். விளையாட்டுக்குத்தான். ஆறு வருஷமாக.

வள்ளிமயில் எழுந்து உள்ளே போய் டிவியை நிறுத்தினார். கணவரையும், மாமியாரையும், பக்கத்துப் போர்ஷனில் இருந்த நாத்தனாரையும் கூப்பிட்டார். எல்லாரும் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள்.

"இப்பச் சொல்லுங்க டீச்சர்," என்றார். "எனக்குச் சொன்னத இவுகளுக்கும் சொல்லுங்க."

நான் எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன்.